பிசினஸ் இன்டெலிஜென்ஸ்: நுண்ணறிவா, துப்பறிவா?

'டிஸ்ட்ரிபியூட்டட் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் சிஸ்டம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது, சிறு, நடுத்தரத் தொழிலுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. தொழிலின் பதிவுகளைத் திரட்டி, முடிவெடுக்க உதவும்படி காட்டுவதுதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ். இதை 'வணிக நுண்ணறிவு' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். செயற்கை நுண்ணறிவு எங்கும் பேச்சான பிறகு இதில் ஒரு சிக்கல்: மென்பொருளே யோசித்து முடிவும் எடுத்துவிடும் என்று முதலாளி நம்பிவிடுகிறார்.

ஆங்கிலத்தில் இன்டெலிஜென்ஸுக்குச் செய்தி, உளவுத்தகவல் என்ற பொருளும் உண்டு. 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்ற சொற்றொடர் முதலில் அந்தப் பொருளில்தான் வந்தது. 1865-ல் ரிச்சர்ட் மில்லர் டெவன்ஸ் என்ற எழுத்தாளர் இதைப் பயன்படுத்தியது சர் ஹென்றி ஃபர்னீஸ் என்ற வங்கியாளரைப் பற்றி. ஹாலந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்று பல இடங்களிலிருந்து போர்ச் செய்திகளை மற்றவர்களுக்கு முன்பே வரவழைத்து லாபம் பார்த்த ஆள் அவர். 1958-ல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் இதையே ஒரு கணினி அமைப்புக்குப் பெயராக வைத்தார், ஆனால் தகவல்களுக்கு இடையிலுள்ள தொடர்பைப் புரிந்துகொண்டு செயல்படும் திறன் என்று பொருளை நகர்த்திவிட்டார். இன்றைய பொருளில் பரப்பியவர் ஹோவர்ட் டிரெஸ்னர், 1989-ல்.

அதனால் என் ஓட்டு 'வணிகத் துப்பறிவு'க்கு. கொஞ்சம் போலீஸ் வாடை அடிக்கும், சரி. ஆனால் துப்பு துலக்குவது என்றால் சிதறிக் கிடப்பதைச் சேர்த்துப் பார்ப்பதுதானே.

அடுத்து, தரவு ஒரே இடத்தில் குவியாமல் பல இடங்களில் இருப்பதைச் சொல்லும் 'டிஸ்ட்ரிபியூட்டட்' என்பதை 'விநியோகிக்கப்பட்ட' என்று போட்டால் ரேஷன் அரிசி மாதிரி இருக்கிறது. 'பரவல்' போதும். ஆக, பரவல் வணிகத் துப்பறிவு அமைப்பு.

சிறு, நடுத்தரத் தொழிலுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதற்குத் திருப்பூர் பனியன் கம்பெனியைப் பாருங்கள். நிட்டிங் (துணி பின்னுவது) ஓரிடம், டையிங் (சாயம் போடுவது) வேறிடம், தையல் இன்னோரிடம், பாதி வேலை ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வெளியே கொடுத்துச் செய்வது. கணக்கு டேலி மென்பொருளில், உற்பத்தி எக்செலில், டையிங்கிலோ சலான் புத்தகத்தில். எல்லாவற்றையும் ஒரே சர்வருக்கு இழுக்க நினைத்தால், அடுத்தவர் கம்பெனியான டையிங் யூனிட் ஏன் தன் கணக்கைத் திறந்து காட்டப்போகிறது? அதனால் பதிவுகள் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும். ராத்திரி ஆர்டர்வாரியாக வந்தது, போனது, இருப்பு மட்டும் மையத்துக்கு வந்தால் போதும். நெட் போனால் மறுநாள் சேர்ந்துகொள்ளும்.

இதில் கடினமான வேலை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு இல்லை, ஒரே ஆர்டரை மூன்று யூனிட்டும் மூன்று பெயரில் எழுதுவதை நிறுத்தவைப்பது. அப்புறம் அளவு: துணி கிலோவில் போகும், தையலில் பீஸாகத் திரும்பும். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம், டையிங்கில் எவ்வளவு எடைக் கழிவு என்பதை ஆர்டர் எடுக்கும்போதே அமைப்பில் பதிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துணி எங்கே குறைந்தது என்று சரக்கு கப்பலேறிய பிறகுதான் தேடிக்கொண்டிருப்பார்கள்.