அணை நிரம்பினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது

இந்தப் போகத்திலும் அதே பஞ்சாயத்துதான். கிருஷ்ணகிரி அணையின் கிளை வாய்க்கால் ஒன்றில் வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர் ஒருவர் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரை மறித்துவிட்டார். வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். பாசனச் சங்கங்களோடு வேலை செய்கிறவன் நான். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூட்டை அடுக்கியவரைக் கேட்டால், "டேம் ரொம்பிக் கிடக்குதே சார், எல்லாருக்கும் வருமே?" என்கிறார். வராது அண்ணா. அணையில் முழு 52 அடி நின்றாலும், கால்வாய் தன் அகலமும் ஆழமும் தாங்குகிற அளவுதான் கொண்டுபோகும். அதற்கு மேல் மதகைத் தூக்கினால் கரைதான் உடையும். அந்தத் தண்ணீர்தான் இடது, வலது கால்வாய்கள் வழியாகச் சுமார் 9,000 ஏக்கருக்குப் பிரிய வேண்டும். நீங்கள் மறித்தால் உங்கள் மடையில் மட்டம் ஏறும், கீழே ஓட்டம் குறையும். அடுத்தவர் மடைக்குத் தண்ணீர் ஏறாது, அவரும் மூட்டை போடுவார். கடைசி வயலுக்கு ஈரம்கூட மிஞ்சாது. நெல்லுக்கு முழங்காலளவு தண்ணீர் நிறுத்தச் சொன்னது யார்? இரண்டு அங்குலம் தாராளம்.

2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தேர்தல் நடக்கிறது. தலைவர் பதவிக்கு இருக்கும் சூடு, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை போடும்போது காணோம். தூர்வாரப் பணம் வருகிறது என்றால் மட்டும் கூட்டத்தில் உட்கார இடமிருக்காது.

தண்ணீர் திறக்கும் முன்பே தலைமடை ஆளும் கடைமடை ஆளும் சேர்ந்து வாய்க்கால் நெடுக நடந்து பாருங்கள். ஏக்கர் கணக்கில் மணி பிரித்து, முறையைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். முதல் முறை கடைமடைக்கே. ராத்திரி முறையைச் சுழற்றி விடுங்கள். ஒரு ஊரில், தனியாக வயல் பார்க்கும் அம்மாவுக்கு எப்போதும் ராத்திரி இரண்டு மணிதான் விழுந்துகொண்டிருந்தது. கேட்க ஆளில்லை என்ற தைரியம். அப்புறம், வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டிக்கு எல்லாரும் சேர்ந்து கூலி கொடுங்கள். ஒருவரே கொடுத்தால் தண்ணீர் அவர் பக்கம்தான் ஓடும்.

வாய்க்கால் கரையில் ஆயில் இன்ஜின் வைத்து உறிஞ்சுகிறவர்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், நிறுத்துங்கள். சங்கத் தலைவர்களே, கடைமடை ஆள் வராத கூட்டத்தில் தீர்மானம் எழுதாதீர்கள்.