30 அடி விதியும் 28 மீட்டர் கூரையும்

ஐரோப்பாவின் பழைய கிறிஸ்தவத் துறவிகள் ஊரை விட்டு ஒதுங்கி, மடத்துக்குச் சொந்தமான நிலபுலன்களை வைத்து வாழ்ந்தவர்கள். 13ஆம் நூற்றாண்டில் வந்த தொமினிக்கன், பிரான்சிஸ்கன் சபையினர் அப்படியில்லை. பிச்சையை நம்பி நகரத்துக்குள்ளேயே குடியேறினார்கள், பிரசங்கம்தான் முக்கிய வேலை. தொமினிக் தன் குழுவை 1215இல் தெற்கு பிரான்சின் துலூஸ் நகரத்தில் தொடங்கினார், அடுத்த ஆண்டே போப்பின் ஒப்புதலும் கிடைத்தது.

ஏழ்மை கட்டடத்திலும் தெரிய வேண்டும் என்று தொமினிக்கன் சபை ஒரு விதி போட்டது: கோவில் உயரம் 30 அடியைத் தாண்டக் கூடாது, துறவிகள் பாடும் பகுதிக்கும் அதை ஒட்டிய பொருளறைக்கும் மேலே தவிர வேறெங்கும் கல்லில் வளைவுக் கூரை கூடாது. துலூஸில் 1230 வாக்கில் அவர்கள் எழுப்பிய முதல் கோவில் அதற்கேற்ப எளிமையானது, செங்கல் சுவரும் மரக்கூரையும்தான். அமைப்புதான் வித்தியாசம். மற்ற கோவில்களில் நடுவில் அகலமான கூடம், இரண்டு பக்கமும் தூண் வரிசை என்று இருக்கும். இங்கே நட்டநடுவில் ஒரே ஒரு தூண் வரிசை, அதற்கு ஒரு பக்கம் துறவிகளின் வழிபாடு, மறுபக்கம் பிரசங்கம் கேட்க வந்த ஊர்க்கூட்டம்.

இது செவ்வக அறை வரைக்கும் சரி. பிற்பாடு கிழக்குக் கோடியை அரைவட்டமாக வளைத்து அதன்மேல் கல் விலாக்கள் (கூரையைத் தாங்கும் வளைந்த சட்டங்கள்) வைத்த கூரை போட நினைத்தபோதுதான் சிக்கல், ஏனென்றால் தூண் வரிசை நேராக வந்து அந்த அரைவட்டத்தின் நடுவில் முட்டுகிறது. கட்டியவர்கள் சிக்கலையே தீர்வாக்கிவிட்டார்கள். கடைசித் தூணை அரைவட்டத்தின் மையத்தில் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து நாலாபக்கமும் 22 விலாக்களைக் குடைக்கம்பி மாதிரி விரித்தார்கள். 1292இல் வேலை முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'பனைமரம்'.

இவ்வளவு பாரத்தை ஒல்லியான ஒரு தூண் எப்படித் தாங்குகிறது? வளைந்த விலா தன்னைத் தாங்குவதைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். தூணின் உச்சியில் எல்லாத் திசையிலிருந்தும் விலாக்கள் வந்து சேர்வதால், எதிரெதிர்த் தள்ளல்கள் ஒன்றையொன்று பெருமளவு ரத்து செய்துவிடுகின்றன. மிஞ்சுவது நேர்கீழான பாரம், அதைத் தாங்குவதில் கல் கெட்டிக்காரத்தனம் காட்டும். விலாவின் மறுமுனையில், சுவரில், எதிர்த்துத் தள்ள ஆளில்லை. அதனால்தான் உள்ளே அத்தனை நளினமாக இருக்கும் கட்டடம், வெளியே தடித்த முட்டுச்சுவர்களோடு கோட்டை மாதிரி முறைக்கிறது.

அப்புறம் அந்த 30 அடி? தூணின் உயரம் மட்டும் 22 மீட்டர், கூரை 28 மீட்டர்! நகரத்தில் இடம் குறைவு, கூட்டம் அதிகம், கோவிலுக்குள் புதைக்கப்பட விரும்பிய பணக்காரர்களின் நன்கொடை வேறு. விதி தானாகத் தளர்ந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டில் பழைய மேற்குப் பகுதியையும் இடித்து அதே உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ராணுவம் இதே கோவிலில் குதிரைகளைக் கட்டியது. இப்போது பழுதுபார்த்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள், பனைமரத்தின் அடியில் ஒரு கண்ணாடியும் வைத்திருப்பதால் கழுத்து வலிக்காமல் குனிந்தே 22 விலாக்களையும் எண்ணிவிடலாம்.