மேப்பில் இருக்கும் கோடு பாதை ஆகாது

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், ஆறு மணி தாண்டி எனக்கு ஒரு போன். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கக் கிளம்பிய மூன்று பேர். வழிகாட்டி இல்லை. அந்தப் பாதை வெள்ளகவிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கி நடந்த பாதை. மேலிருந்து அடிவாரம் வரை 1,500 மீட்டருக்கும் மேல் இறக்கம். போனில் ஆஃப்லைன் மேப் வைத்திருந்தார்கள். ஒரு பிரிவில் மேப்பில் இருந்த கோட்டை நம்பி இடது பக்கம் திரும்பியிருக்கிறார்கள். கோடு கொண்டுபோய் விட்ட இடம் ஓர் ஓடை, அதற்குக் கீழே பாறைச் சரிவு.

"எங்கே இருக்கீங்க, நம்பரைச் சொல்லுங்க தம்பி" என்றேன். விட்டு விட்டுக் கேட்ட குரலில் "பத்து, இருபது. எழுபத்தேழு, ஐம்பது" என்றார். என்னுடன் இருந்தவர் அதை 10 பாகை (டிகிரி) 20 கலை, 77 பாகை 50 கலை என்று எடுத்துக்கொண்டு மேப்பில் போட்டார். ஒரு பாகைக்கு 60 கலை. புள்ளி திண்டுக்கல் அருகே கன்னிவாடிப் பக்கம் விழுந்தது. வெள்ளகவிக்கு இறங்கியவர்கள் கன்னிவாடிக்கு எப்படிப் போவார்கள் என்ற சந்தேகம் வந்ததால்தான் தப்பித்தோம். அவர் படித்தது தசம எண்: 10.20, 77.50. எழுதும் முறை மாறியதில் கிட்டத்தட்ட 40 கி.மீ. பிசகு. இரவு ஒன்பதரைக்கு வெள்ளகவி அண்ணன் ஒருவர் டார்ச்சோடு முன்னே போய் மூவரையும் கண்டுபிடித்தார். காயம் இல்லை, நடுக்கம் மட்டும்தான்.

அன்றிலிருந்து என்னோடு வரும் ஒவ்வொரு குழுவிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் நடக்க ஆரம்பிக்கிறேன்: இருப்பிடத்தைச் சொல்லும்போது "புள்ளி" என்ற சொல்லை விடாதீர்கள். "பத்து புள்ளி இரண்டு பூஜ்யம்" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கமாவது வேண்டும். நான்காவது இலக்கம் ஏறக்குறைய 11 மீட்டர். இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தேட வேண்டியிருக்கும், அதுவும் இருட்டில், சோலைக்காட்டில்.

டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. போன் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்கிறது, அவ்வளவுதான். அதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். டவர் இருக்கும்போது செயற்கைக்கோள்கள் எங்கே என்ற விவரம் நெட் வழியாக நொடியில் வந்துவிடும். இல்லாதபோது போன் அதை வானத்திலிருந்தே வாங்க வேண்டும், அதற்குச் சில நிமிஷம் பிடிக்கலாம். ஆகவே கிளம்பும் இடத்திலேயே, திறந்த வெளியில் நின்று, மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நிலைக்கும் வரை காத்திருங்கள். மரங்கள் அடர்ந்த பள்ளத்தில் அந்தப் புள்ளி தாவும். பதறாமல் திறந்த இடத்துக்கு வந்து மறுபடி பாருங்கள்.

புள்ளியை ஓரளவு நம்பலாம். நான் பயப்படுவது கோட்டைப் பார்த்துத்தான். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் காட்டும் பாதைகள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து வருகின்றன. 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய மேப் அது. அதனால் பெரிய நன்மை உண்டு, நானே அதில் ஓடைகளையும் ஊற்றுகளையும் குறித்திருக்கிறேன். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கோடு யாரோ ஒருமுறை நடந்த தடமாக இருக்கலாம், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த ஆனைத்தடமாகவும் இருக்கலாம். இரண்டு மழைக்காலம் ஆள் நடக்காவிட்டால் உண்ணிச்செடி பாதையை மூடிவிடும், கோடு மட்டும் மேப்பில் அப்படியே இருக்கும். கூகுள் மேப்ஸையே நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று: பகுதியை இறக்கி வைத்திருந்தாலும் ஆஃப்லைனில் அது நடைவழி சொல்லாது.

பாதைக் கோட்டைவிட எனக்கு உதவுவது, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள்தான். அவை நெருங்கி நின்றால் செங்குத்து, விலகி நின்றால் லேசான சாய்வு. வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தாலே நாளைக்கு எங்கே மூச்சு வாங்கும், எங்கே இறங்கக் கூடாது என்று தெரிந்துவிடும். ஆனால் பல செயலிகளில் இந்த உயரக் கணக்கு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்ததிலிருந்து வருகிறது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. பத்து மீட்டர் பாறை வெட்டு அதில் தெரியாமலே போகலாம். அந்த மூன்று பேர் நின்றதும் அப்படிப்பட்ட இடம்தான்.

சார்ஜ் விஷயம் சுருக்கமாக. டவர் தேடித் தேடியே போன் செத்துப்போகும், ஃப்ளைட் மோடில் போடுங்கள். இப்போதைய போன்களில் ஜிபிஎஸ் அதிலும் ஓடும், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். குளிரில் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். மழையில் ஈர விரலுக்குத் திரை கேட்காது, துடைக்க உலர்ந்த துணி வேண்டும். குழுவில் இரண்டு போனிலாவது மேப் இருக்கட்டும். காந்த மூடி போட்ட உறை போனின் திசைகாட்டியைக் குழப்பும், கழற்றிவிடுங்கள்.

ஆபத்தில் 112-ஐ அழையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அழைப்பு போகும். எதுவுமே எட்டாத பள்ளத்தில் போகாது. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ கொண்டுவர வேண்டாம். அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

மேப்பில் வழி இருக்கிறது என்பதால் போக அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நாம் மறக்கக் கூடாது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024-இல் அரசு 40 வழித்தடங்களைத் திறந்து, மலை ஊர்களின் இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்தது. தீ எந்தப் பக்கம் வருகிறது, ஆனை நேற்று எங்கே நின்றது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் இப்போதும் இறங்குவதற்கு முன் ஒரு தாளில் எத்தனை பேர், எந்த வழி, எந்த ஓடையைத் தாண்டுவோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி, ஜீப் ஓட்டும் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கீழே வந்து போன் பண்ணியதும் கிழித்துப் போட்டுவிடுவார்.