கேம் துறையில் வேலை யாருக்கு: புரோகிராமருக்கா, ஆர்ட்டிஸ்ட்டுக்கா?

"கோடிங் தெரிந்தால் வேலை நிச்சயம், வரைகிறவருக்குக் கஷ்டம்தான்" என்ற பேச்சு வீடியோ கேம் துறைக்குள் வர நினைக்கும் எல்லார் காதிலும் விழுந்திருக்கும். இதைப் பாதிதான் நம்பலாம்.

பெரிய கேம் ஒன்றில் ஆள் கணக்கு எடுத்தால், பெரும்பாலும் ஆர்ட் பக்கம்தான் கூட்டம் அதிகம். ஆனால் ஆயுதம், கட்டடம், மரம் எனத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்க முடிகிற வேலை என்பதால், அதில் பெரும்பங்கு வெளி ஸ்டூடியோக்களுக்குப் போய்விடுகிறது. கோட் அவ்வளவு எளிதில் வெளியே போகாது. ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதோடு தினமும் மோதும்; பக்கத்தில் இருந்தால் தீர்ப்பது எளிது.

போட்டியும் ஒரே மாதிரி இல்லை. கேம் வேண்டாம் என்று முடிவெடுத்த புரோகிராமருக்கு மற்ற மென்பொருள் துறைகள் திறந்தே இருக்கின்றன. சம்பளமும் பெரும்பாலும் அங்கேதான் கூடுதல். அதனால் கேம்களில் அதிகம் பயன்படும் கணினி மொழியான சி++-இல் தேர்ந்த ஆட்கள் கேமுக்குக் கிடைப்பது அரிது. கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டுக்கு சினிமா, அனிமேஷன், விளம்பரம் என்று சில வாசல்கள்தான். அதற்காகப் புரோகிராமருக்கு ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், கேம் உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டி சுமார் 1,800 பேரையும் குறைப்பதாக அறிவித்தன.

ஆகவே 'கோடா, ஆர்ட்டா' என்று கேட்பதைவிட, அதற்குள் எந்த நாற்காலி என்று கேட்பதே பயன் தரும். கான்செப்ட் ஆர்ட்டில் (பாத்திரமும் இடமும் எப்படி இருக்கும் என்று காட்டும் முதல் ஓவியம்) ஒருவர் வரைவது, அதை 3டி உருவமாக்கும் பல மாடலர்களுக்கு வேலை கொடுத்துவிடும். எனவே இடங்கள் குறைவு, வரிசை நீளம். கோட் பக்கம், பாத்திரம் ஓடுவது, தாக்குவது போன்றவற்றை எழுதும் கேம்பிளே புரோகிராமிங்குக்கும் வரிசை நீளம்தான். கிராஃபிக்ஸ், நெட்வொர்க், டூல்ஸ் (குழுவினர் பயன்படுத்தும் மென்பொருள்), ரிக்கிங் (மாடல் அசைய உள்ளே எலும்புக்கூடு பொருத்துவது), எஃபெக்ட்ஸ் (புகை, நெருப்பு, வெடிப்பு) ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் குறைவு. இரண்டு பக்கமும் தெரிந்த டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் கிடைப்பது இன்னும் அரிது.

அவர் ஏன் தேவை என்பதற்கு ஒரு வெடிப்புக் காட்சி போதும். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) ஓட, ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். புகை அடர்த்தியாகத் தெரிய, ஊடுருவித் தெரியும் 20 புகைப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கேமரா அருகே போனதும் அவை திரையையே மூடிக்கொள்ளும். படத்தைத் தீட்டும் சிப்பான ஜிபியு ஒவ்வொரு பிக்சலையும் 20 முறை தீட்ட வேண்டும், கேம் திணறும். புரோகிராமர் "குறையுங்கள்" என்பார், ஆர்ட்டிஸ்ட் "அழகு போய்விடும்" என்பார். படலங்களை ஆறாகக் குறைத்து, அவற்றின் வெற்று ஓரங்களைக் கத்தரித்து, புகையின் சுருள் அசைவை ஷேடருக்குள் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) எழுதி, ஏறக்குறைய அதே தோற்றத்தைக் கொண்டுவருபவர்தான் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்.

போர்ட்ஃபோலியோவிலும் இதே கண்தான் பார்க்கும். மூலையில் கிடக்கும் பீப்பாய்க்கு 4096 x 4096 பிக்சல் டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) போட்டால், கம்ப்ரெஸ் செய்யாத நிலையில் அந்த ஒரு படமே 64 எம்பி. 512 x 512 என்றால் 1 எம்பி. வயர்ஃபிரேமும் (மாடலின் கோட்டு வலை) டெக்ஸ்சர் அளவும் காட்டாத மாடலை எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்புவது கடினம். புரோகிராமர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் நேரக் கணக்கு. ஃபிரேமுக்கு 0.1 மீட்டர் நகர்த்து என்று எழுதினால், 60 ஃபிரேமில் நொடிக்கு 6 மீட்டர் ஓடும் பாத்திரம் 144 ஃபிரேமில் 14.4 மீட்டர் பாயும். வேகத்தை ஃபிரேமின் கால அளவால் பெருக்கியிருக்க வேண்டும். ஆறு அரைகுறை கேம்களைவிட, இப்படிப்பட்ட பிழையில்லாமல் முடித்த ஒரு சின்ன கேம் மேல்.

முடிவெடுக்கும் முன் 40 வேலை விளம்பரங்களை எடுத்து, பதவி, கேட்கும் அனுபவம், கேட்கும் மென்பொருள் என மூன்று கட்டங்களில் எழுதிப் பாருங்கள். டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் விளம்பரங்களில் பல, சில ஆண்டு அனுபவம் கேட்பது தெரியும். புதியவர் எஃபெக்ட்ஸ் அல்லது ரிக்கிங் வழியாக நுழைந்து, பைத்தான் என்ற கணினி மொழியில் சிறு டூல்கள் எழுதியபடி அந்த இடத்துக்கு நகர்வதே நடைமுறையில் எளிது.