சில்டினாஃபில் போட்டவருக்குச் சார்பிட்ரேட் கொடுக்காதீர்கள்

நெஞ்சுவலி என்றதும் வீட்டில் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் வகை மாத்திரை) வைத்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, கண் செருகி, மேல் அளவு பிபி 70-க்கு இறங்கிய நிலையில் ஆளைத் தூக்கி வருகிறார்கள். முந்தின இரவு அவர் சீட்டில்லாமல் வாங்கிச் சில்டினாஃபில் என்ற வீரிய மாத்திரை (வயாகரா) போட்டது மனைவிக்குக்கூடத் தெரியாது. இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை. நைட்ரிக் ஆக்சைடு, ரத்தக்குழாய்த் தசைக்குள் குவானிலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டும். சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகும். அதனால் புரோட்டீன் கைனேஸ் ஜி என்ற நொதி முடுக்கப்பட்டுத் தசை தளரும், குழாய் விரியும். போதுமான அளவு விரிந்ததும் சைக்ளிக் ஜிஎம்பியை உடைப்பது பிடிஇ5 நொதி. சார்பிட்ரேட் நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகிறது, சில்டினாஃபில் பிடிஇ5-ஐ முடக்குகிறது. குழாயைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்த கதை.

"எனக்குப் பிபி அதிகம்தானே, இறங்கினால் நல்லதுதானே?" என்கிறார்கள். இல்லை! பிபி மாத்திரை அழுத்தத்தை நிதானமாகக் குறைக்கிறது, உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. இதுவோ சில நிமிடங்களில் சரிவது. இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான் போகிறது. அதைத் தள்ளுவது அப்போதைய அழுத்தம். அது விழுந்தால், ஏற்கெனவே அடைப்புள்ள குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை பட்டினி கிடக்கும். போதாததற்கு இதயத் துடிப்பும் எகிறும். மாரடைப்புக்கு வேறென்ன வேண்டும்?

ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின், நிக்கோராண்டில் எல்லாம் சார்பிட்ரேட் கணக்கில்தான் சேரும். தினமும் இவற்றைச் சாப்பிடுபவர் சில்டினாஃபிலைத் தொடவே கூடாது. சில்டினாஃபில் போட்டு 24 மணி நேரம், அதே வகையான டடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் தாண்டாமல் சார்பிட்ரேட் வேண்டாம். 'மூலிகை' என்று விற்கும் வீரிய மாத்திரைகளிலும் சில்டினாஃபிலைக் கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது, அதையும் மறைக்காதீர்கள்.

வலி வந்தால் உடனே 108. மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது வீரிய மாத்திரை போட்டதைத்தான்.

டூட்டி டாக்டர்களே, உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பெண்களிடமும் கேளுங்கள், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு இதே மருந்தை அவர்களும் எடுக்கிறார்கள். முறிவு மருந்து கிடையாது. சலைன், தேவைப்பட்டால் நார்அட்ரினலின்.

ஐயா, வெட்கப்பட வேண்டாம். சில்டினாஃபில் போடலாமா என்று உங்கள் இதய மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். பலருக்கு நைட்ரேட்டை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற முடியும்.