தூக்கத்தில் பல் கடிப்பது பூச்சியாலா?

"ஆறு வயசுப் பையன், ராத்திரியில நறநறன்னு பல்லைக் கடிக்கிறான். பூச்சி மருந்து கொடுத்தும் நிக்கல" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குடற்புழு மாத்திரை அவசியமானதுதான். ஆனால் பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இந்த நம்பிக்கையால் உண்மைக் காரணத்தை யாரும் தேடுவதில்லை என்பதே என் வருத்தம்.

பகலில் பல்லை இறுக்குவதற்குப் பெரும்பாலும் பதற்றமும் கூர்ந்த கவனமும் காரணம். இரவுக் கதை வேறு. கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வாளர் ஜில் லவீன் குழுவினர், உறங்குபவர்களின் மூளை அலை, இதயத் துடிப்பு, தாடைத் தசை எல்லாவற்றையும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். அதில் தெரிந்த வரிசை அற்புதமானது. பல் கடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே, உடலைப் பரபரப்பாக்கும் பரிவு நரம்புகளின் கை இதயத்தின் மேல் ஓங்குகிறது. கடிக்கச் சுமார் 4 நொடி இருக்கையில் மூளை அலைகள் வேகமெடுக்கின்றன. இது காலையில் நினைவிலேயே இருக்காத குறுவிழிப்பு. 3 முதல் 15 நொடிதான் நீடிக்கும். அடுத்து இதயம் படபடக்கிறது. பிறகு, வாயைத் திறக்க உதவும் தாடையடித் தசைகள் இறுகுகின்றன. அதற்கும் பிறகே கன்னத் தசை, நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில், எதையோ மெல்லுவதுபோல் இயங்குகிறது. பல் உரசும் சத்தம் எல்லாவற்றுக்கும் கடைசி. பல் கடிக்காதவர்களிலும் சுமார் 60 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் இந்த மெல்லும் தாளம் உண்டு. பல் கடிப்பவர்களுக்கு அது அடிக்கடியும் வலுவாகவும் வருகிறது.

ஆக, கடிப்பு தொடங்குவது பல்லில் அல்ல, மூளையில். அதனால்தான் மேடான பல்லை ராவிச் சரிசெய்யும் பழைய வைத்தியம் பலிக்கவில்லை. இரவில் மாட்டும் பல் உறை பல்லைத் தேயாமல் காக்கும், தசையை அடக்காது. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி கடியின் வலுவைக் குறைக்கும். மூளையின் தாளத்தை நிறுத்தாது.

பெரியவர்களுக்கு மது, புகை, அதிகக் காபி, சில மனச்சோர்வு மருந்துகள் இதைத் தூண்டலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தட்டையாகத் தேய்ந்த பல் நுனி, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, எழுந்ததும் நெற்றிப்பொட்டில் வலி ஆகியவற்றை வைத்துப் பல் மருத்துவர் ஊகிப்பார். உறுதிசெய்ய இரவு முழுவதும் தூக்க ஆய்வு தேவை. அந்த வசதி மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். அதற்கு அரசு செலவழிப்பது வீண் அல்ல.

அந்தப் பையனுக்கு? பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். ஆனால் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா என்று கவனியுங்கள். ஆம் என்றால், மூச்சுத் தடையும் அவனை அடிக்கடி உலுக்கிக்கொண்டிருக்கலாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் டான்சிலையும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையையும் காட்டிவிடுங்கள்.