0.35 மில்லிமீட்டரில் வோல்ட் அளப்பது எப்படி?

வோல்ட் அளக்கும்போது மல்டிமீட்டர் சர்க்யூட்டிடம் இருந்து எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை 10 மெகா ஓம். முழுதாகச் சார்ஜ் ஏறிய போன் பேட்டரியில், அதாவது 4.2 வோல்ட்டில், அதை வைத்தால் அரை மைக்ரோ ஆம்பியர்கூட ஓடாது. அளப்பதால் போர்டு சாவதில்லை. அளக்கும் முனை வழுக்கினால் சாகும்.

அளவுகளைப் பாருங்கள். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி போர்டுகளில் பின்களுக்கு (கனெக்டரின் உலோக முனைகளுக்கு) இடையே 2.54 மி.மீ. சின்ன சென்சார்களில் வரும் ஜேஎஸ்டி எஸ்ஹெச் வகை கனெக்டரில் 1 மி.மீ. இன்றைய போன்களின் உள்ளே டிஸ்ப்ளே, கேமரா கனெக்டர்களில் 0.4 அல்லது 0.35 மி.மீ. மீட்டரோடு வரும் ப்ரோபோ (அளக்கும் முனை), கூரான நுனியைத் தாண்டியதும் 2 மி.மீ. தடிமனுக்குப் போய்விடுகிறது. கடப்பாரையால் காதில் கடுக்கன் மாட்டுகிற கதைதான்.

வழுக்கி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது சேதம். ஒரு பின்னையும் கிரவுண்டையும் சேர்த்து உரசினால் பெரும்பாலும் வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் தன் மின்னோட்ட வரம்பில் நின்றுகொள்ளும். போர்டு அணைந்து மறுபடி எழும். அதிக வோல்ட் பின்னும் குறைந்த வோல்ட் பின்னும் ஒட்டினால் கதையே வேறு. ஐசியின் (சிப்பின்) பெரும்பாலான பின்களுக்கு உள்ளே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாதுகாப்பு டயோடு இருக்கும். பின்னில் வரும் வோல்ட் அந்த ஐசியின் சொந்த சப்ளையைக் கொஞ்சம் தாண்டினாலே அது திறந்துகொண்டு, மிச்ச மின்சாரத்தை சப்ளை தடத்தில், அதாவது ஐசிகளுக்கு மின்சாரம் வரும் வழியில் கொட்டும். டயோடு கருகும்; இல்லையென்றால் 3.3 வோல்ட் தடம் முழுவதும் 5 வோல்ட்டை நோக்கி எகிறி, அதில் தொங்கும் மற்ற ஐசிகளும் போகும். ராஸ்பெரி பையில் 1ஆம் பின் 3.3 வோல்ட், அதை ஒட்டிய 2ஆம் பின் 5 வோல்ட். 3பி+ மாடலில் இந்த இரண்டும் உரசி மின் மேலாண்மை ஐசி செத்துப்போவது பேர்போன பழுது. 2.54 மி.மீ. இடைவெளியிலேயே இந்த நிலை என்றால் போன் கனெக்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில லேப்டாப்களின் திரை கனெக்டர் இன்னும் மோசம்: திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டுக்காக உயர்த்தப்பட்ட பல பத்து வோல்ட், மென்மையான டேட்டா தடங்கள் இருக்கும் அதே கனெக்டரில் போகும்.

சரி, அப்படியானால் எப்படி அளப்பது? என்னைக் கேட்டால், கனெக்டரைத் தொடாமல் அளப்பதுதான் முதல் வழி.

கனெக்டரின் பின்னில் இருக்கும் அதே வோல்ட், அந்தத் தடம் போகும் இடமெல்லாம் இருக்கும். சப்ளை தடம் என்றால் பக்கத்திலேயே ஒரு கெபாசிட்டர் இருக்கும். அதன் ஒரு முனை தடத்தில், மறு முனை கிரவுண்டில். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் மோடில் (இரண்டு முனைகளும் மின்வழியில் சேர்ந்திருந்தால் ஒலிக்கும்) வைத்து, எந்தக் கெபாசிட்டர் அந்தப் பின்னோடு சேர்கிறது என்று தேடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் ப்ரோப் வழுக்கினாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம் மீட்டரை மறக்காமல் டிசி வோல்ட்டுக்கு மாற்றி, போர்டுக்கு உயிர் கொடுத்து, கெபாசிட்டரில் அளக்கலாம். சில போர்டுகளில் இதற்கென்றே வட்டமான டெஸ்ட் பாயின்ட் விட்டிருப்பார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. போன் கனெக்டரை மாட்டியபின் அதன் பின்கள் கண்ணுக்கே தெரியாது. கழற்றிவிட்டு அளந்தால் சுமை இல்லாத வோல்ட்தான் கிடைக்கும்; நலிந்த ரெகுலேட்டர்கூட அப்போது சரியான எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும். கெபாசிட்டரில் அளந்தால் எல்லாம் மாட்டியபடி, வேலை செய்யும்போதே பார்க்கலாம்.

கனெக்டரில்தான் அளந்தாக வேண்டும் என்றால், கறுப்பு ப்ரோபை முதலை கிளிப் போட்டு யூஎஸ்பி கூட்டிலோ கிரவுண்டோடு சேர்ந்த திருகு துளையிலோ நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். நகர்வது சிவப்பு மட்டும். கண்ணும் கவனமும் ஒரே முனையில் இருக்கும். சிவப்புக்கு ஊசி முனை ப்ரோப் வேண்டும். அதன் மேல் சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி, நுனியில் அரை மி.மீ. மட்டும் வெளியே விட்டால், சாய்ந்தாலும் பக்கத்துப் பின்னில் உலோகம் படும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஒயர் வரும் ஜேஎஸ்டி கனெக்டர் என்றால் பின்பக்கம், ஒயர் நுழையும் துளை வழியாக ஊசியைச் செருகிவிட்டு, பிறகு சுவிட்சைப் போடலாம். கை நடுக்கத்துக்கே அங்கு வேலை இல்லை.

அளப்பதற்கு முன் மீட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருந்தால் முதலில் சொன்ன 10 மெகா ஓம் கணக்கு செல்லாது. அந்தத் துளையின் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். பேட்டரி பின்னில் வைத்த நொடியே அது ஷார்ட்தான்.

ஊசி முனையை சார்ஜர், எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக மாற்றும் பவர் சப்ளை) பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் உள்ளே சுமார் 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். அங்கே கேட் (CAT) எனும் பாதுகாப்புத் தரம் அச்சிட்ட, விரல் தடுப்பு உள்ள சாதாரணப் ப்ரோப்தான் சரி.